சுங்கம் தவிர்த்த சீட்டு: சொந்த மோட்டார் சைக்கிளைக் கடல் கடந்து கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருதல்

பட்டினப்பாலை படித்தவர்களுக்குக் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச்சாவடி நினைவிருக்கும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதை விரிவாகவே காட்டுகிறார். கடலிலிருந்து கரையேறும் பொருளும், கரையிலிருந்து கப்பலேறும் பொருளும் அங்கே மலைபோல் குவிந்து கிடக்கும். சோழனுடைய அதிகாரிகள் புலி முத்திரை பொறித்த பிறகுதான் எதுவும் நகரும். அதே பாட்டில் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளும் வருகின்றன. குதிரைக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் நடைமுறை பெரிதாக மாறிவிடவில்லை. முத்திரை விழுந்தால் வண்டி நகரும். விழாவிட்டால் வண்டி மட்டுமல்ல, வீட்டுப் பணமும் நகராது. இதை நான் அனுபவப்பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நம் பிள்ளைகள் பலர் இன்று சொந்த மோட்டார் சைக்கிளிலேயே வெளிநாடு சுற்ற ஆசைப்படுகிறார்கள். "பைக்கை ஷிப் பண்ணிடலாம்பா, ரொம்ப ஈஸி" என்று வீட்டில் சொல்கிறார்கள். கப்பலில் ஏற்றுவது ஈஸிதான். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற காகித வேலை என்ன, அதில் குடும்பத்தின் பணம் எங்கே மாட்டிக்கொள்ளும் என்பதைப் பெற்றோரும் தெரிந்துகொள்வது நல்லது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊரும் அப்பாவின் புல்லட்டும்

எனக்கு ஊர் பேத்தமங்களா. கோலார் தங்கவயலுக்குப் பக்கத்தில், பாலாற்றின் மேல் அமைந்த பெரிய ஏரிக்கரை ஊர். தங்கவயல் சுரங்கங்களுக்கும் காலனிகளுக்கும் தண்ணீர் போனது இந்த ஏரியிலிருந்துதான். இங்கே தேங்கியது போக வழிந்த தண்ணீர் ஆந்திரத்தின் ஓரமாகப் போய், வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கும். எங்கள் தாத்தா வந்த வழியும் அதே வழிதான், எதிர்த்திசையில். வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புக்காக ஏறி வந்தவர்.

அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். ஷிஃப்டுக்குப் போகவர 1992ஆம் வருடத்து புல்லட் ஒன்று வைத்திருந்தார். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற பழைய அமைப்பு. சாம்பியன் ரீஃப் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் போன சுரங்கம். அதைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் அப்பா ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்: "நம்மளவிட ஆழமாத் தோண்டினவன் ஜொகன்னஸ்பர்க்காரன்தான். அத ஒருவாட்டி பாக்கணும்." 2001 பிப்ரவரி இறுதியில் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை அப்பா அம்மா பெயரில் வங்கியில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டார். 2018இல் அவர் காலமானார். புல்லட் என்னிடம் வந்தது. 2023இல் அதை டர்பன் துறைமுகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து ஜொகன்னஸ்பர்க், போட்ஸ்வானா, ஜாம்பியா, தான்சானியா வழியாகக் கென்யாவின் மொம்பாசா வரை ஓட்டி, மறுபடி சென்னைக்குக் கப்பலேற்றினேன்.

நான் ஒன்றும் முன்னோடி அல்ல. லண்டனிலிருந்து 1973இல் டிரயம்ப் வண்டியில் புறப்பட்ட டெட் சைமன் ஆப்பிரிக்கா முழுவதும் தெற்கே இறங்கி, நான்கு ஆண்டு உலகைச் சுற்றினார். விசாகப்பட்டினத்துக்காரரான பரத்வாஜ் தயாளா 2006–07இல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவில் தனியாக உலகம் சுற்றி வந்தார். நம் திருவொற்றியூரில் செய்த புல்லட்டுகளோ 1977லேயே கப்பலேறி இங்கிலாந்துக்கு விற்பனைக்குப் போயின. விற்பனைக்குப் போன வண்டி அங்கேயே நின்றுவிடும். நம்முடையது திரும்பி வரவேண்டியது. சிக்கல் எல்லாம் அந்தத் திரும்பி வருவதில்தான் இருக்கிறது.

தரைவழி இல்லையா?

எல்லோரும் முதலில் கேட்பது இது. வரைபடத்தில் பார்த்தால் வழி இருப்பதுபோல்தான் தெரியும். ஆனால் மேற்கே பாகிஸ்தான் எல்லையில் அட்டாரி சோதனைச்சாவடி 2025 ஏப்ரலில் மூடப்பட்டது. கிழக்கே பர்மாவில் 2021 ராணுவ ஆட்சிக்குப் பிறகு நிலைமை எல்லாருக்கும் தெரியும். வடக்கே நேபாளம் தாண்டித் திபெத்துக்குள் போகச் சீன அரசு அனுமதியும் கூடவே வழிகாட்டியும் வேண்டும்; செலவு கையைச் சுடும். ஆகவே இந்தியாவிலிருந்து சொந்த வண்டியோடு தூரதேசம் போக விரும்புகிறவருக்குக் கப்பல் அல்லது விமானம்தான் வழி.

கார்னெட் என்கிற சீட்டு

ஒரு நாட்டுக்குள் வெளிநாட்டு வண்டி நுழைந்தால் அது இறக்குமதி. இறக்குமதி என்றால் சுங்கவரி. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போகிறவன் ஏன் வரி கட்டவேண்டும்? கட்டத் தேவையில்லை. ஆனால் அவன் திரும்பப் போவான் என்பதற்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் 'கார்னெட் டி பாஸாஜ்' என்ற பிரெஞ்சுப் பெயருள்ள சுங்கப் புத்தகம். சுருக்கமாகக் கார்னெட் என்பார்கள். 1954இல் நியூயார்க்கில் கையெழுத்தான ஐ.நா. ஒப்பந்தமும், 1990இன் இஸ்தான்புல் ஒப்பந்தமும் இதற்கு அடிப்படை. நம் நாட்டில் இதை வழங்குவது மும்பையில் இருக்கும் வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன். 1919இல் தொடங்கிய பழைய சங்கம்.

முதல் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று வரலாறு கூறும். கார்னெட்டும் சுங்கம் தவிர்க்கிறது. ஒரே வித்தியாசம்: சோழன் தவிர்த்தான் என்றால் தவிர்த்ததுதான். கார்னெட் தள்ளித்தான் வைக்கிறது. வண்டி குறித்த காலத்தில் வெளியேறவில்லை என்றால் அந்த நாட்டுச் சுங்கத்துறை வரியை நம்மிடம் வந்து கேட்காது. சீட்டு கொடுத்த சங்கத்திடம் கேட்கும். சங்கம் நாம் கொடுத்து வைத்திருக்கும் உத்தரவாதப் பணத்திலிருந்து கட்டிவிடும்.

புத்தகத்தின் அமைப்பைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு தாளிலும் மூன்று பாகம். நாட்டுக்குள் நுழையும்போது அந்த ஊர்ச் சுங்க அதிகாரி கீழ்ப்பாகத்தைக் கிழித்து வைத்துக்கொள்வார். வெளியேறும்போது நடுப்பாகத்தைக் கிழித்துக்கொள்வார். மேல்பாகம் புத்தகத்திலேயே தங்கும். பேருந்துச் சீட்டுக்கு அடிக்கட்டை மாதிரி. நுழைந்ததற்கு ஒரு முத்திரை, வெளியேறியதற்கு ஒரு முத்திரை என்று இரண்டும் அந்த மேல்பாகத்தில் விழுந்திருக்க வேண்டும். நம் கையில் மிஞ்சும் சாட்சி அது ஒன்றுதான். புத்தகத்தின் ஆயுள் ஒரு வருடம்.

எல்லா நாட்டுக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம். ஐரோப்பாவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் பெரும்பாலான நாடுகள் கேட்பதில்லை. ஆஸ்திரேலியா, ஜப்பான், ஈரான், எகிப்து, தென்னாப்பிரிக்கா ஆகியவை கேட்கும். வெளிநாட்டு வண்டி நம் இந்தியாவுக்குள் வருவதற்கும் இதே புத்தகம்தான். சில நாடுகள் எல்லையிலேயே தற்காலிக அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கும். ஆகவே முதலில் போகிற நாடுகளை முடிவு செய்யுங்கள், அப்புறம் புத்தகத்துக்கு விண்ணப்பியுங்கள்.

அம்மாவின் டெபாசிட்

உத்தரவாதம் எவ்வளவு என்பது வண்டியின் மதிப்பையும், போகும் நாடுகளின் வரி விகிதத்தையும் பொறுத்தது. வண்டி மதிப்பு ஒரு லட்சம் என்றால், இரண்டு மடங்காக இரண்டு லட்சம் கேட்கும் நாடுகளும் உண்டு. இதைச் செலவு என்று நினைக்கக் கூடாது. திரும்பி வரும் பணம். ஆனால் திரும்பி வரும்வரை அது நம் பணமில்லை. வங்கி உத்தரவாதம் என்றால் வங்கி சும்மா கொடுக்காது. அதற்கு ஈடாக ஒரு டெபாசிட்டையோ சொத்தையோ பிடித்து வைத்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் ஈடு வைக்க இருந்தது அம்மா பெயரில் இருந்த டெபாசிட் ஒன்றுதான். சுரங்கம் மூடியபோது வந்த பணம். வங்கியில் கையெழுத்துப் போடும்போது அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஏண்டா, வண்டி திரும்பி வந்துடும்ல?"

"வந்துடும்மா."

அம்மா கேட்டது வண்டியைத்தான், டெபாசிட்டை அல்ல. கார்னெட்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே என்பதை அப்போது நான் விளக்கவில்லை. விளக்கியிருக்க வேண்டும். வீட்டுப் பணத்தை ஈடு வைக்கும் பிள்ளைகள் இதைப் பெரியவர்களிடம் உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும். வண்டி வெளிநாட்டில் களவு போனாலும், விபத்தில் நொறுங்கினாலும், அது அந்த நாட்டிலேயே தங்கிவிட்டதாகத்தான் கணக்கு. காவல்துறை அறிக்கையும் சுங்கத்துறைச் சான்றும் வாங்கி, உரிய முறையில் முடித்தால்தான் வரியிலிருந்து தப்பலாம். "ரிப்பேர் ஆயிடுச்சு, அங்கேயே யாருக்காவது கொடுத்துட்டேன்" என்பது நடக்காது.

பெயரும் எண்ணும்

கார்னெட்டில் வண்டியின் சேசிஸ் எண், என்ஜின் எண், நிறம், மதிப்பு எல்லாம் எழுதியிருக்கும். எல்லையில் அதிகாரி குனிந்து பார்த்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுவார். பழைய புல்லட்டுகளில் என்ஜின் மாற்றியிருப்பார்கள், ஆர்.சி. புத்தகத்தில் பதிந்திருக்க மாட்டார்கள். அப்படி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தேய்ந்த எண்ணைப் பெயிண்ட் அடித்து மறைக்காமல் துடைத்து வையுங்கள்.

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் புத்தகம் வாங்குவதுதான் சுலபம். என் வண்டி அப்பா பெயரில் இருந்தது. உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு பெயருக்கு மாற்ற 31ஆம் எண் படிவம். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இதையெல்லாம் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

தமிழர்களாகிய நமக்கென்றே ஒரு தொல்லை உண்டு. இனிஷியல்! ஆர்.சி.யில் ஒற்றை எழுத்து இனிஷியல், ஓட்டுநர் உரிமத்தில் வேறு இடத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில். நமக்கு மூன்றும் ஒரே ஆள். டர்பன் சுங்க அலுவலகத்துக்கு மூன்று ஆட்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டில் கார்னெட், கப்பல் ரசீது, காப்பீடு எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். கப்பல் ரசீதை 'பில் ஆஃப் லேடிங்' என்பார்கள். அது இல்லாமல் சரக்கு வெளியே வராது.

இவற்றோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஒன்றும் வேண்டும். உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே 4ஏ படிவத்தில் விண்ணப்பிக்கலாம். ஒரு வருடம் செல்லும். ஆப்பிரிக்கா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்த அட்டை இல்லாமல் கென்யா போன்ற நாட்டிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியே வைத்துவிடுவார்கள்.

மரப்பெட்டி

இது நான் சிரிக்கப்பட்ட கதை. ஆண்டர்சன்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த ஆசாரி அண்ணன் ஒருவர் இருக்கிறார். வண்டிக்கு ஒரு பெட்டி செய்யச் சொன்னேன். நல்ல கனத்த பலகையில், இரும்புப் பட்டை போட்டு, அருமையாகச் செய்து கொடுத்தார். "மோட்டாரு சைக்கிளா? இதுல யானையே ஏத்தலாம் தம்பி" என்றார். டாடா ஏஸில் ஏற்றி, வி.கோட்டா, பேர்ணாம்பட்டு, குடியாத்தம் வழியாகச் சென்னை கொண்டுபோனேன். சரக்குக் கிடங்கில் ஒரு பையன் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "முத்திரை எங்க சார்?" என்றான்.

மரத்தோடு மரப்புழுவும் நாடு விட்டு நாடு போய்விடக் கூடாது என்பதற்காக ஒரு சர்வதேச விதி இருக்கிறது. ஏற்றுமதிப் பெட்டியின் மரம் உள்நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வாட்டப்பட்டிருக்க வேண்டும். வாட்டியதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரையைப் பலகையில் குத்துவார்கள். முத்திரை இல்லாத பெட்டியை இறங்கும் நாடு திருப்பி அனுப்பலாம், எரிக்கலாம். ஆசாரி அண்ணனின் யானைப் பெட்டியை அங்கேயே பிரித்து, முத்திரைப் பலகையில் புதுப்பெட்டி செய்தோம். பழைய பலகை ஊருக்குத் திரும்பியது. அம்மா வாசலில் உட்கார இப்போது அது ஒரு பெஞ்சு.

புதுப்பெட்டி ஒருவகையில் லாபமாகவே முடிந்தது. கப்பலிலும் விமானத்திலும் எடையைவிடக் கொள்ளளவுக்குத்தான் காசு. விமானத்தில் ஒரு கனமீட்டருக்கு 167 கிலோ என்று கணக்கு. வண்டியை அப்படியே நிறுத்தி 2.3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் உயரத்தில் பெட்டி செய்தால் ஏறத்தாழ 3 கனமீட்டர். அதாவது 170 கிலோ புல்லட்டுக்கு 500 கிலோவின் கட்டணம். முன்சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடிகளைக் கழற்றி உள்ளேயே கட்டி, 2 மீட்டர், 0.8 மீட்டர், 1.1 மீட்டர் என்று சுருக்கினால் 1.76 கனமீட்டர். கட்டணம் 294 கிலோவுக்கு. ஒரு மணி நேர ஸ்பேனர் வேலையில் ஐந்தில் இரண்டு பங்கு மிச்சம்.

பெட்டியில் வைக்குமுன் பெட்ரோலை வடித்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி முனையைக் கட்டிவிட வேண்டும். விமானத்தில் மோட்டார் சைக்கிள் 'அபாயகரமான சரக்கு' வகையில் வருகிறது. ஒன்பதாம் வகுப்பு, ஐ.நா. எண் 3166. அதற்குத் தனி உறுதிமொழிப் படிவம் உண்டு. கப்பலில் உப்புக் காற்று படும் என்பதால் இரும்புப் பாகங்களில் எண்ணெய் தடவுங்கள். வண்டியை நன்றாகக் கழுவுவதும் முக்கியம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் மட்கார்டு அடியில், டயர் இடுக்கில் ஒரு துளி மண், ஒரு புல்விதை இல்லாமல் துலக்க வேண்டும். இருந்தால் அங்கே உங்கள் செலவில் கழுவுவார்கள்.

கப்பலா, விமானமா?

கப்பலில் கட்டணம் குறைவு, நாள் அதிகம். விமானத்தில் நேர்மாறு. என் வண்டி சென்னையிலிருந்து டர்பன் போக ஆறு வாரம் ஆயிற்று. இடையில் வேறு கப்பலுக்கு மாற்றினார்கள். 1860இல் நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16இல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 342 பேர். அவர்களுக்குத் திரும்பி வரச் சீட்டு இருந்தும் பலர் திரும்பவில்லை. என் வண்டிக்காக டர்பனில் காத்திருந்த நாட்களில் அந்தத் துறைமுகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் தாத்தா நினைவுதான். அவரும் இரண்டு வருடத்தில் திரும்புவதாகச் சொல்லித்தான் தங்கவயலுக்கு ஏறினாராம்.

ஒற்றை வண்டிக்கு முழுக் கன்டெய்னர் எடுக்க வேண்டியதில்லை. பலர் சரக்கைச் சேர்த்து ஏற்றும் பங்குக் கன்டெய்னரில் போகலாம். கட்டணம் கனமீட்டர் கணக்கு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஏற்றும்போது சொல்லும் தொகை கடலைக் கடப்பதற்கு மட்டும். இறங்கும் துறைமுகத்தில் கன்டெய்னரைப் பிரிக்க, சரக்கை இறக்க, ஆவணம் எடுக்க, கிடங்கில் வைக்க என்று தனித்தனியாகக் கேட்பார்கள். நான் கடல் கட்டணத்தைவிட இறங்கிய இடத்தில் அதிகம் கட்டினேன். "அந்தப் பக்கம் மொத்தம் எவ்வளவு, எத்தனை நாள் கிடங்கு இலவசம்?" என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு ஏற்றுங்கள். வண்டி போய்ச் சேர்ந்த பிறகு நாம் போனால் கிடங்கு வாடகை ஏறும். நாம் முன்னால் போனால் அறை வாடகை ஏறும். இரண்டில் இரண்டாவது பரவாயில்லை.

சென்னையிலும் டர்பனிலும் கிளியரிங் ஏஜெண்டு வேண்டும். சென்னையில் 'ஷிப்பிங் பில்' போடும்போதே வண்டி தற்காலிகமாகப் போகிறது, திரும்பி வரும் என்பதைக் கார்னெட் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது நம் நாட்டுச் சுங்கத்துறையே, "இது இறக்குமதியா?" என்று கேட்கும் அல்லவா? அப்போது அந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

விடுபட்ட முத்திரை

டர்பனில் நுழைவு முத்திரை சரியாக விழுந்தது. பெட்டியைப் பிரித்து, சக்கரம் மாட்டி, அங்கேயே உதைத்தேன். கிடங்குத் தோழர்கள் கைதட்டினார்கள். ஜொகன்னஸ்பர்க் போய், பிராம்ஃபான்டீன் கல்லறையில் தில்லையாடி வள்ளியம்மையின் சமாதியைக் கும்பிட்டேன். மேற்கே கார்லெட்டன்வில் பக்கம் போய், ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழம் போகும் ம்போனெங் சுரங்கத்தின் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அப்பாவின் புல்லட் அதன் எதிரில் நின்றது. வந்த வேலை அதோடு முடிந்தது, மிச்சமெல்லாம் சாலை.

ஆப்பிரிக்காவின் தென்கோடியில் ஒரு விசேஷம் உண்டு. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஆகிய ஐந்தும் 1910 முதல் வழிவழியாக வரும் ஒரே சுங்க ஒன்றியம். கார்னெட்டுக்கு ஐந்தும் சேர்ந்து ஒரு நாடு மாதிரி. முதலில் நுழையும் இடத்தில் ஒரு முத்திரை, ஒன்றியத்தை விட்டே வெளியேறும் இடத்தில் ஒரு முத்திரை. இடையில் உள்ள எல்லைகளில் கேட்டு வாங்கிக்கொண்டால் கணக்குக் குழம்பிவிடும். இதைப் படித்துவிட்டுத்தான் போனேன். அங்கே தவறவில்லை.

தவறியது வேறொரு எல்லையில். எது என்று சொல்வதில் பயனில்லை. சாயங்காலம், மழை, பின்னால் லாரிக்காரர்கள் வரிசை. அதிகாரி நடுப்பாகத்தில் முத்திரை குத்திக் கிழித்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினார். நான் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, விடுதியில் காயவைக்கப் பிரித்தபோதுதான் பார்த்தேன். மேல்பாகத்தில் வெளியேறும் முத்திரைக் கட்டம் காலி. அதிகாரி மறந்தார் என்பது உண்மை. பார்க்காமல் வாங்கியது நான். நுழைவு விசா ஒருமுறைக்கு மட்டும் உரியது. திரும்பிப் போக வழியில்லை.

மொம்பாசாவில் மறுபடி முத்திரைப் பலகையில் பெட்டி கட்டி, சென்னைக்கு ஏற்றினேன். சென்னையில் வண்டி இறங்கியதும் ஏஜெண்டு சொன்ன யோசனைதான் காப்பாற்றியது. கார்னெட் புத்தகத்தின் முடிவில் 'இருப்பிடச் சான்று' என்று ஒரு பக்கம் உண்டு. இன்ன எண்ணுள்ள வண்டியை இன்ன தேதியில் இன்ன இடத்தில் நேரில் பார்த்தோம் என்று சுங்கத்துறை அதிகாரி எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைப்பார். வண்டி இந்தியாவில் நிற்கிறது என்றால் அந்த நாட்டில் இல்லை என்றுதானே பொருள்? மறுநாட்டுக்குள் நுழைந்த முத்திரை, பாஸ்போர்ட்டில் வெளியேறிய தேதி, கப்பல் ரசீது எல்லாவற்றையும் அதோடு சேர்த்து அனுப்பினேன்.

ஆனாலும் உடனே பணம் வராது. புத்தகம் காலாவதியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டுச் சுங்கத்துறை, "வண்டி வெளியேறவில்லை" என்று கேட்கலாம் என ஒப்பந்தம் சொல்கிறது. ஒழுங்கான புத்தகம் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு கட்டம் காலியாக இருக்கும் புத்தகத்துக்குக் கேள்வி கேள்வியாக வரும். எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் அம்மாவுக்குக் கண்புரை அறுவை செய்ய வேண்டிவந்தது. அவருடைய டெபாசிட்டைத் தொட முடியவில்லை. தம்பியிடம் கைமாற்று வாங்கிச் செய்தோம். அம்மா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. வாசலில் நின்ற புல்லட்டைக் காட்டி, "வண்டிதான் வந்துடுச்சே, அப்புறம் எதுக்குடா இன்னும் பணத்தப் புடிச்சு வச்சிருக்கான்?" என்று மட்டும் கேட்டார். வண்டி வந்தால் போதாதும்மா, வந்ததாகக் காகிதமும் வரவேண்டும் என்றேன். "உங்கப்பா பி.எஃப். வாங்கின கத மாதிரி இருக்கு" என்றார்.

பயணம் போவோர் கவனத்துக்கு

ஒன்று: ஒவ்வொரு எல்லையிலும் புத்தகத்தைத் திரும்ப வாங்கியதும், கவுண்டரை விட்டு நகராமல் அடிக்கட்டையில் முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் எத்தனை லாரி நின்றாலும் சரி. கையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: புத்தகம் ஒரு வருடம் என்றால் பத்து மாதத்தில் முடிகிற மாதிரிப் பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும் கப்பல் நாட்களும் அதற்குள் அடக்கம். நீட்டிக்க வேண்டுமென்றால் காலாவதிக்கு முன்பே கேளுங்கள்.

மூன்று: வீட்டில் அவசரத்துக்கென்று வைத்திருக்கும் பணத்தை உத்தரவாதத்துக்கு ஈடு வைக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால், பயணக் காலத்துக்கு மேல் இன்னும் ஒரு வருடம் அது கைக்கு வராது என்று நினைத்துக்கொண்டு வையுங்கள்.

நான்கு: மூன்று வாரச் சுற்றுலாவுக்கு இவ்வளவும் தேவையில்லை. அங்கேயே வாடகைக்கு வண்டி எடுப்பது மலிவு. இரண்டு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கும், அல்லது இந்த வண்டியில்தான் போகவேண்டும் என்று மனசில் ஒரு காரணம் இருப்பவர்களுக்கும்தான் இந்தப் பாடு தகும்.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். துறைமுகத்தில், கப்பல் நிறுவனத்தில், சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்பர்கள் ஒவ்வோர் ஊர்ச் சங்கத்திலும் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு மாலை அவர்களை அழைத்து இளைஞர்களுக்குச் சொல்ல வைக்கலாம். நான் தட்டித் தடவிக் கற்றது அவர்களுக்கு ஒரு மணி நேரப் பேச்சு.

அம்மாவின் டெபாசிட் விடுபட்டுவிட்டது. வங்கிக்கு அவரை புல்லட்டிலேயே பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். ரசீதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "சீல் குத்தியிருக்கானா, நல்லாப் பாரு" என்று என்னிடம் கொடுத்தார். கவுண்டரிலேயே நின்று பார்த்தேன். குத்தியிருந்தது.